பனியில் சறுக்கப் போகும் முன், பாசிக்குடாவில் நீந்துவோம்

இந்த வருசம் எங்கட வட்டத்தில அதிகம் கதைபட்ட ஊர் கொழும்பும் இல்ல, கனடாவும் இல்ல. ஜப்பானின் வடக்கே இருக்கிற ஹொக்கைடோ தீவு. ரீல்ஸில ஆரோ இடுப்பளவு பனிக்குள்ள சறுக்கிக்கொண்டு வாறதைப் பார்த்ததில தொடங்கிய கதை. இப்ப எங்களுக்கென்று ஒரு கொப்பியே இருக்கு: எந்த மாதம் போறது, எவ்வளவு சேர்க்கிறது, என்ன உடுப்பு வேணும் என்றெல்லாம் எழுதின கொப்பி.

இதைக் கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். "வாழைச்சேனைச் சந்திக்குப் போகவே ஓட்டோவுக்குக் காசு இல்ல, ஜப்பான் கேக்குதோ?" என்று ஒரு மாமா கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் இப்படி ஒரு திட்டம் போடுறது வீண் வேலை இல்ல என்பது எங்கட கருத்து. ஹொக்கைடோவுக்கு ஒரு நாளும் போய்ச் சேராவிட்டாலும் அந்தத் திட்டம் எங்களுக்குப் பிரயோசனம். ஏனென்றால் அந்தத் தீவைப் பற்றி வாசிக்க வாசிக்க, கல்குடாவைப் பற்றி நாங்கள் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஹொக்கைடோ முழு இலங்கையையும் விடப் பெரியது. ஆனால் அங்கே இருக்கிற சனம் ஐம்பது லட்சம் அளவுதான். அதன் நடுவில இருக்கிற அசஹிகாவா நகரத்தில 1902 ஜனவரி 25 அன்று பதிவான மைனஸ் 41 பாகைதான் ஜப்பானின் மிகக் குறைந்த வெப்பநிலைப் பதிவு. சைபீரியாவில் இருந்து புறப்படுகிற குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு போய், ஹொக்கைடோ மலைகளில் மா மாதிரி உதிர்கிற பனியாகக் கொட்டுது. உலகம் முழுக்க இருந்து ஸ்கீ விளையாடுகிறவர்கள் ஜனவரி, பெப்ரவரியில நிசேக்கோவுக்கு ஓடுறது அந்தப் பனிக்காகத்தான். அதே ஆசியக் குளிர்காலப் பருவக்காற்றின் இன்னொரு முகம்தான் வங்காள விரிகுடாவைக் கடந்து எங்களுக்கு வாடையாகவும் மாரி மழையாகவும் வருவது. அங்கே சீசன் உச்சத்தில் நிற்கிற நேரம்தான் இங்கே கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறுகிற நேரம்.

இனிப் போகிற வழி. மட்டக்களப்புக் கோச்சியில கொழும்பு, அங்கிருந்து டோக்கியோ, பிறகு இன்னொரு விமானத்தில சப்போரோவுக்குப் பக்கத்தில் இருக்கிற நியூ சிட்டோசே. காகிதத்தில இது சுகமாத்தான் தெரியுது. ஆனால் எங்கட கடவுச்சீட்டுக்கு ஜப்பான் விசா வேணும். விசாவுக்கு வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், நாளுக்கு நாள் பயண நிரல் எல்லாம் காட்ட வேணும். 'பையைத் தூக்கு, கிளம்பு' என்று சொல்ற ரீல்ஸ் எல்லாம் பலமான கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்காக எடுத்தவை. எங்களுக்கு அந்தச் சாகசம் விசா விண்ணப்பத்திலயே தொடங்கிவிடுது.

எங்களில் சிலர் வேறு வழியால அங்கே போகவும் கூடும். 2019 இல் இலங்கையும் ஜப்பானும் திறன்சார் தொழிலாளர் விசா பற்றி ஒரு உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த விசாவில் அனுமதிக்கப்பட்ட துறைகளில் ஹோட்டல் வேலையும் ஒன்று. எனவே கல்குடாப் பெடியன் ஒருவன் பனி மலையடி ஹோட்டலில கட்டில் விரிப்பு மாற்றப் போவது நடக்காத கதை இல்ல. அதில் ஒரு இழிவும் இல்ல. ஆனால் ஒரு ஊருக்கு விருந்தாளியாகப் போறதுக்கும் வேலையாளாகப் போறதுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குப் புதிசும் இல்ல. சொந்த ஊரிலயே அதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறம்.

திட்டம் போடும்போது எங்களை நிறுத்திப் பிடித்த முதல் விசயம் நிசேக்கோ விதிகள். அந்த மலையில ஸ்கீ நிலையத்தின் எல்லைக்கு வெளியேயும் அருமையான பனி கிடக்குது. ஆட்கள் கயிறு தாண்டிப் போனார்கள், பனிச்சரிவில மாட்டிச் செத்தார்கள். அதற்குப் பிறகு ஊரே கூடி எடுத்த முடிவு, 'போகாதே' என்று மட்டும் சொல்லி நிற்பதில்லை என்பதுதான். 2001 இல் விதிகள் வந்தன. வெளியே போக வாசல்கள் வைத்தார்கள். அந்த வாசலால மட்டும்தான் போகலாம், கயிற்றுக்குக் கீழால நுழையக் கூடாது. ஆபத்தான நாளில் வாசல் பூட்டு. காலையில பனிச்சரிவு பற்றிய அறிவிப்பை வெளியிடுகிறார்கள். வெளியே போறவர் தன்னிடம் பீக்கன் வைத்திருக்க வேணும் என்று எதிர்பார்க்கிறார்கள். பனிக்குள்ள புதைந்தால் ஆள் எங்கே கிடக்கிறார் என்று கூட வந்தவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிற சின்னக் கருவி அது.

இதைத்தான் சாகசம் என்று நாங்கள் சொல்லுறம். பயமில்லாமல் பாய்வதற்குப் பேர் சாகசம் இல்ல. எதுக்குப் பயப்பட வேணும் என்று படித்து, ஆயத்தமாகி, பிறகு போறதுதான் சாகசம்.

அந்தப் படிப்பை மறந்தால் என்ன நடக்கும் என்பதையும் அதே தீவு காட்டியது. ஹொக்கைடோவின் கிழக்கு மூலையில இருக்கிற ஷிரெட்டோக்கோ உலக மரபுரிமை இடம். 2022 ஏப்ரல் 23 அன்று அங்கே 'காசு 1' என்ற சுற்றுலாப் படகு 26 பேருடன் போனது. கடல் மோசமாகும் என்ற எச்சரிக்கை இருந்தும் போனது. 20 பேரின் உடல்கள்தான் கிடைத்தன, 6 பேர் கிடைக்கவே இல்ல. நேரம் தவறாத ரயிலுக்குப் பேர் போன நாட்டிலயே ஒரு படகின் அலட்சியம் இதைச் செய்தது என்றால், எங்கட கரையைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியுமா?

இனிக் கல்குடாவுக்கு வருவம். எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில இரண்டு குடா. பாசிக்குடாவில கனதூரம் நடந்து போனாலும் தண்ணி நெஞ்சைத் தாண்டாது, அதனால 'பாதுகாப்பான கடல்' என்று பேர். அந்தப் பேர்தான் எங்களுக்குப் பயம் தருவது. ஆழமில்லாத கடலுக்கென்று சொல்லப்பட்டது ஆழமான இடத்துக்கும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கும் சொல்லப்பட்டது டிசம்பருக்கும் பொருந்தாது. விடுமுறை நாளில வெளியூரில் இருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வாறார்கள். எந்த இடத்தில இறங்கலாம், எந்த மாதம் கூடாது என்பது எங்கட மீனவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அது அவர்களின் வாயில மட்டும்தான் இருக்கு. எழுதி, பலகையில போட்டு, மூன்று மொழியிலயும் வந்தவர் வாசிக்கிற மாதிரி இருக்க வேணும். நிசேக்கோ செய்தது இவ்வளவுதான்: உள்ளூர்க்காரனின் அறிவை விதியாக எழுதி வைத்தது.

இன்னொரு கேள்வி எங்களுக்குள்ளேயே எழுந்தது. கடலுக்குப் பக்கத்தில பிறந்த எங்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? பெடியன்களில் கனபேருக்குத் தெரியும். பெட்டையளில்? விரல் விட்டு எண்ணலாம். இது பொழுதுபோக்குக் கணக்கு இல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில ஆண்களை விடப் பெண்கள் அதிகமாகச் செத்தார்கள். நீந்தத் தெரியாததும் மரம் ஏறிப் பழகாததும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் சில. அந்த அலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்ப உயர்தரம் முடித்துவிட்டார்கள். அவர்களில் பெண் பிள்ளைகளுக்கு நாங்கள் நீச்சல் சொல்லிக்கொடுத்தமா? வாழைச்சேனையில, ஓட்டமாவடியில, பேத்தாழையில பெற்றோர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் மதிக்கலாம். பெண் பயிற்றுநர், தனி நேரம், பொருத்தமான உடுப்பு என்று வழி இருக்கு. அந்த வழியைத் தேடாமல் விட்டு, மகள் கடலுக்குப் போகக் கூடாது என்று மட்டும் சொல்றது அவளைக் காப்பாற்றாது. 2004 இல் வீட்டுக்குள்ள இருந்தவர்களிட்டயும் கடல்தான் வந்தது.

அடுத்தது காசுக் கதை. நிசேக்கோவின் பனியைத் தேடி 2000 களின் தொடக்கத்தில அவுஸ்திரேலியர்கள் வரத் தொடங்கினார்கள். பிறகு வெளிநாட்டு முதலீடு கொட்டியது. அந்த மலையடியில இருக்கிற குட்சான் என்ற சின்ன நகரத்தில சில வருசங்களாக ஜப்பானிலேயே மிக வேகமாகக் காணி விலை ஏறியது. ஊர்ச் சனத்துக்கு வாடகை கட்டுவதே கஷ்டமானது. குட்சான் அதற்கு ஒரு பதில் வைத்தது. 2019 நவம்பரில் தங்குமிடக் கட்டணத்தில் 2 சதவீதம் ஊருக்கு வரியாக அறவிடத் தொடங்கியது. நூறு ரூபாய் அறையானாலும் ஆயிரம் ரூபாய் அறையானாலும் அதன் அளவுக்கு ஏற்ற பங்கு ஊருக்கு வருது.

பாசிக்குடாவின் கதையும் இதற்குப் பக்கத்தில வருது. எழுபதுகளில் இங்கேயும் ஹோட்டல்கள் இருந்தன. 1978 சூறாவளி, பிறகு யுத்தம், பிறகு சுனாமி என்று கரை வெறுமையாகிக் கிடந்தது. யுத்தம் முடிந்து, 2011 இல் இருந்து குடாவைச் சுற்றிப் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. வேலை கிடைத்தது, ரோடு நல்லா வந்தது, அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் வள்ளம் இழுத்து வைக்கிற கரை சுருங்கிப்போனது பற்றி மீனவர்கள் பல வருசமாகக் கதைக்கிறார்கள். ஹோட்டல்களில் எங்கட பெடியன்கள் அதிகம் நிற்பது தோட்டத்திலயும் சமையற்கட்டிலயும்தான். ஆழ்கடலில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கி மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் கிடக்குது, அதே நாள் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் பிரிட்டிஷ் சார்ஜன்ட்டும் கிடக்குது. அவற்றைப் பார்க்க உலகின் பல மூலைகளில் இருந்து சுழியோடிகள் வாறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிற வழிகாட்டியாக எங்கட ஊர்ப் பிள்ளை வர என்ன பயிற்சி வேணும், அதை ஆர் தருவது? இந்தக் கேள்வி இன்னும் ஒரு கூட்டத்திலயும் எழும்பினதை நாங்கள் காணவில்லை.

இதை முறைப்பாடாக மட்டும் விட வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எங்கட கையில இருக்கு. குடாவில் இருக்கிற ஹோட்டல்களால் உள்ளூர் சபைக்கு வருசம் எவ்வளவு வருமானம் வருது, அது எதுக்குச் செலவாகுது, பொதுமக்கள் கரைக்கு இறங்கும் பாதைகள் எத்தனை என்று எழுதிக் கேட்கலாம். பதில் வந்த பிறகு கதைத்தால் எங்கட கதைக்கும் ஒரு பாரம் இருக்கும்.

இன்னொன்று. நிசேக்கோ, சப்போரோ, ஷிரெட்டோக்கோ எல்லாமே ஐனு மக்களின் மொழியில் இருந்து வந்த பேர்கள். அந்தத் தீவின் முதல் மக்கள் அவர்கள். நெடுங்காலம் அவர்களின் மொழியும் வேட்டையும் அடக்கப்பட்டன. 2019 இல்தான் ஜப்பான் அவர்களைப் பூர்வீகக் குடிகளாகச் சட்டத்தில் எழுதியது. 2020 இல் ஷிராவோயில் 'உபோபோய்' என்ற தேசிய நிலையம் திறந்தது. எங்களுக்கு வடக்கே வாகரைப் பக்கம் தமிழ் பேசுகிற கரையோர வேடர்கள் இருக்கிறார்கள். வாகரைக்குச் சவாரி போய்ப் பாலத்தில படம் எடுத்துப் போடுகிற எங்களில் எத்தனை பேர் அவர்களின் கதையைக் கேட்டிருப்பம்? ஐனு அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கின எங்கட கொப்பியில வாகரைக்கும் ஒரு நாள் எழுத வேணும்.

ஆகவே எங்கட திட்டத்தின் வரிசையை மாற்றி எழுதியிருக்கிறம். முதல் வருசம்: எல்லாரும் நீச்சலும் முதலுதவியும், பெட்டையள் கட்டாயம். அதே வருசம் மூத்த மீனவர்களிட்ட இருந்து இரண்டு குடாவின் நீரோட்டம், காற்று, கூடாத மாதங்கள் எல்லாம் கேட்டு எழுதி ஒரு பலகை. இரண்டாம் வருசம்: சைக்கிளில வாகரை, நடையில குடும்பிமலை. கூட்டமாகப் போய்க் கூட்டமாகத் திரும்புவது எப்படி என்று அங்கே பழகலாம். மூன்றாம் வருசம்: ஜனவரிக் குளிரில நுவரெலியா. புல்லில உறைபனி படிகிற இரவைத் தாங்கத் தெரியாமல் மைனஸ் பாகையைப் பற்றிக் கதைத்துப் பலன் இல்ல. அதுக்குப் பிறகு விசா விண்ணப்பம்.

சப்போரோவின் பனி விழாவுக்கு இப்ப உலகமே போகுது. அது 1950 இல் உள்ளூர் மாணவர்கள் ஒரு பூங்காவில் ஆறு பனிச்சிலை செய்து வைத்ததில் தொடங்கியது. மாணவர்களிட்ட அன்றைக்கு இருந்தது பனி மட்டும்தான். எங்களிட்ட இரண்டு குடாவும், கடலைத் தெரிந்த அப்பாமாரும் மாமாமாரும் இருக்கிறார்கள். பலகையில எழுதுறதுக்கான முதல் தகவலை இந்த வாடை தொடங்க முன்னமே சேர்த்து முடிப்பம். பேத்தாழை, கல்குடா, வாழைச்சேனை, ஓட்டமாவடிப் பிள்ளைகள் வாங்கோ. வரும்போது உங்கட வீட்டுத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.