கல்லாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்!



நம் சங்க உறுப்பினர் ஒருவர் காலமானால் அரைநாள் கடையடைக்கிறோம். மாலை வாங்கிக்கொண்டு மயானம் வரை போகிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால், அப்படி நாம் வழியனுப்பியவர்களில் குடியால் ஈரல் கெட்டு ஐம்பது வயதுக்குள் போனவர்கள் எத்தனை பேர்? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். இறந்த பிறகு அரைநாள் கடையடைக்கும் நாம், உயிரோடு இருந்தபோது அவருக்காக ஒரு மணி நேரம் அவர் கடையைப் பார்த்துக்கொண்டோமா?

ஒரு மணி நேரம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் கடைக்கு இரண்டு கடை தள்ளி மளிகை வைத்திருப்பவர் ஒருவர். பெயர் வேண்டாம். காலையில் தராசைப் பிடிக்கும்போதே கை நடுங்கும். வசூலான பணம் கல்லாவுக்கு வராது. மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்குப் போடுவதை நிறுத்திவிட்டார். நானும் மணிக்கணக்கில் புத்தி சொன்னேன். ஐயப்பனுக்கு மாலை போட்டால் தொடமாட்டார். மாலையைக் கழற்றிய இரவே தொடங்கிவிடுவார்.

கடைசியில் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேதான் எனக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தன. முதலாவது, இது நோய். புத்திமதியால் மட்டும் தீராது. இரண்டாவது, தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென்று தானாகவே நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "ஏ.ஏ. கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்" என்றார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது. கூட்டம் மாலை ஆறரை மணிக்கு. "அண்ணாச்சி, ஏவாரம் நடக்குற நேரத்துல கடையை விட்டுட்டு எப்படிப் போவேன்?" என்றார் நண்பர். போகவில்லை. இரண்டே மாதத்தில் பழையபடி குடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தடையாக நின்றது மனம் மட்டுமல்ல, கல்லாப்பெட்டியும்தான். "கடையை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். போட்டிக் கடைக்காரன் கையில் கல்லாச் சாவியா என்று அவர் தயங்கியது நியாயமே. விற்றதை எல்லாம் சிட்டையில் எழுதி, திரும்பி வந்ததும் பைசா சுத்தமாகக் கணக்கு ஒப்படைத்தேன்.

முதல் நாள் மட்டும் என் மகனைக் கடையில் உட்காரவைத்து, நானும் உடன் போனேன். திறந்த கூட்டம் என்றால் யாரும் போகலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோருக்கு மட்டும். ஒரு சிறிய அறை, பத்துப் பன்னிரண்டு நாற்காலி. ஒவ்வொருவராகப் பெயரை மட்டும் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்கிறார். யாரும் குறுக்கே பேசவில்லை, உபதேசம் செய்யவில்லை. முகவரி கேட்கவில்லை. கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. நம் வழக்கப்படி நான் ஒரு டியூப் லைட் வாங்கித் தருவதாகச் சொன்னேன். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்று சிரித்தபடி மறுத்துவிட்டார்கள். 'உபயம்' எழுத இடமில்லாத இடம்!

இந்த அமைப்பின் பிறப்பே ஒரு வியாபாரத் தோல்வியில்தான். 1935இல் பில் என்ற அமெரிக்கப் பங்குத் தரகர், தொழில் விஷயமாக ஆக்ரன் என்ற ஊருக்குப் போனார். காரியம் கெட்டது. தங்கிய ஓட்டலிலேயே மதுக்கூடம். மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்தவர், தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று தொலைபேசியில் தேடினார். கிடைத்தவர் பாப் என்ற அறுவை மருத்துவர். அந்த இருவர் பேச்சில் தொடங்கியதுதான் ஏ.ஏ.

"வாடிக்கையாளர் பார்த்தால் கௌரவம் என்னாவது?" என்று கேட்பவர் உண்டு. நாம் தள்ளாடியதைத் தெருவே பார்த்தாகிவிட்டது. திருந்தப் போவதைப் பார்த்தால் என்ன குறை? கூச்சமாக இருந்தால் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போகலாம். எந்த ஊரில் என்றைக்குக் கூட்டம் என்பதை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14446 என்ற இலவச எண்ணில் மத்திய அரசின் போதை மீட்பு ஆலோசனை கிடைக்கிறது. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பும் உண்டு.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. கூட்டத்துக்குப் போகும் உறுப்பினரின் கடையை அந்த ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள, தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கொள்முதல் பேசி முடித்த சந்தோஷத்திலும் சங்கச் சுற்றுலாவிலும் பாட்டில் திறக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். அடுத்த ஆண்டு சங்க நாட்காட்டியில் 14446 என்ற எண்ணை அச்சிட வேண்டும்.

நண்பர் முழுதாக மீண்டுவிட்டார் என்று நான் எழுதமாட்டேன். நடுவில் ஒருமுறை தவறினார். வெட்கப்பட்டுக்கொண்டே மறுவாரம் போனார். ஒருவரும் ஏசவில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அதன்பின் பதினான்கு மாதமாகத் தொடவில்லை. அவர்கள் சொல்வதுபோல, இன்றைய கணக்கை இன்றைக்கு முடிக்கிறார்.

வியாழக்கிழமை மாலை ஆறேகாலுக்கு அவர் சாவியைக் கொண்டுவந்து என் கல்லாமீது வைப்பார். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு சாவி காத்திருக்கலாம். நீங்களே கேட்டு வாங்குங்கள்.