ஊர் மெச்சச் செலவு

எங்கள் பக்கத்தில் ஒரு கேள்வி உண்டு. கேட்பவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. “நாலு பேரு மெச்சச் செய்யலேன்னா நமக்கு என்ன மரியாதை?” கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று எதுவானாலும் இந்தக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த வாரம் மண்டபத்துக்கு முன்பணம் போகும். அதற்கடுத்த வாரம் பெட்டியிலிருந்து நிலப் பத்திரம் போகும்.

நானும் அப்படிக் கேட்டவன்தான். மகளின் மஞ்சள் நீராட்டுக்குக் கள்ளக்குறிச்சியில் மண்டபம் பிடித்தேன். செண்டை மேளம், ஆளுயர பேனர், மூன்று வகை இனிப்பு. தாம்பூலப் பையில் தேங்காய் சிறுத்துப் போயிருக்கிறது என்று ஒரு பெரியம்மா சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது. மற்றதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கடன் அடைய மூன்று கரும்பு வெட்டு ஆனது. ஆகவே இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊர் மெச்சச் செலவு செய்யச் சொல்லும் காரணங்களை, என் கடன் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறேன்.

முதலில் மொய். “போட்டதெல்லாம் மொய்யில வந்துடும்டா” என்றார் சித்தப்பா. பாதி வந்தது. வந்த பாதியும் வருமானமில்லை. மொய் நோட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் நான் கடன்காரன். வட்டி கிடையாது என்பது உண்மை. அந்த வகையில் மொய்யின் மேல் எனக்கு மரியாதை உண்டு. வங்கிப் படியேற வழியில்லாத காலத்தில் ஊரே கை கொடுத்து ஒரு குடும்பத்தைத் தூக்கிவிட்ட ஏற்பாடு அது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக வைத்துப் பணம் திரட்டுகிறார்கள். அந்தப் பணத்தைத் தொழிலிலோ நிலத்திலோ போடலாம். நாமோ மொய் கைக்கு வரும் முன்பே அதைப் பூவிலும் பந்தியிலும் கரைத்துவிடுகிறோம். திருப்பிச் செய்யும் தேதியும் நம் கையில் இல்லை. ஆவணியில் ஒரே வாரத்தில் நான்கு பத்திரிகை வரும். கரும்பு அப்போது வயலில் நிற்கும்.

கரும்பைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்க் கடனைச் சொல்ல முடியாது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கும் மாவட்டம் இது. கரும்பு நட்டு வெட்டப் பத்துப் பன்னிரண்டு மாதம். வெட்டி ஆலையில் சேர்த்த 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நிலுவை கேட்டுத் தமிழ்நாட்டு விவசாயிகள் எத்தனை முறை தெருவில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பத்திரிகை படிக்கும் எல்லோரும் அறிவார்கள். மரவள்ளி போட்டவர் கதையும் இதுதான்; ஜவ்வரிசி ஆலை என்ன விலை வைக்கிறதோ அதுதான் விலை. வருமானம் வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் சொன்ன நாளில் வராது. முகூர்த்தமோ குறித்த நாளில் நடந்தாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் வட்டிக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவரிடம் ஐந்து லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் பத்தாயிரம் ரூபாய் வட்டி. தமிழ்நாட்டுக்கு 2025-26இல் நிர்ணயித்த நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட முப்பது நாள் கூலி வட்டிக்கே சரி. வீட்டில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகூட ஓயாமல் ஒரு நாள் கல்யாணத்துக்காக உழைக்கிறார் என்று அர்த்தம். அசல் அப்படியே இருக்கும்.

“நகையாப் போட்டா எங்கே போயிடப்போகுது?” இது அடுத்தது. இதில் பாதி நியாயம் இருக்கிறது. சிறுவாட்டுப் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கம் சேர்த்த பெண்கள் எந்த முதலீட்டு ஆலோசகரையும்விடக் கெட்டிக்காரிகள். விலையேற்றம் அவர்களுக்குச் சாட்சி. சபையில் வைப்பதற்காகக் கடன் வாங்கிச் சேர்க்கும் நகையின் கணக்கு வேறு. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி மூன்றும் விற்கும்போது திரும்பி வராது. அடகு வைத்தால், ரிசர்வ் வங்கி பல ஆண்டுகளாக வைத்திருந்த வரம்பு நகை மதிப்பில் 75 சதவீதம். எங்கள் வீட்டு ஆரம் விசேஷத்துக்குப் பிறகு நாற்பது நாள்தான் வீட்டில் இருந்தது. பிறகு அந்த விசேஷத்தின் கடனுக்காகவே அடகுக் கடைக்குப் போனது. 2021இல் ஐந்து சவரனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக் கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது சங்க வாசலில் நின்ற கூட்டமே, நம் நகைகள் எங்கே தூங்குகின்றன என்பதைச் சொல்லிவிட்டது.

சரி, பணம் போகட்டும், மரியாதை நிற்குமே என்பார்கள். வாதத்தின் ஆணிவேர் இதுதான். இதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தின்போது, கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றது அரசு. மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. மொட்டை மாடியிலும் வீட்டு வாசலிலும் தாலி கட்டினார்கள். ஆயிரம் பேருக்கு இலை போடத் திட்டமிட்ட வீடுகள் ஐம்பது பேருக்குப் போட்டன. அந்த வீடுகளில் எதற்காவது மரியாதை குறைந்ததா? வரன் திரும்பிப் போனதா? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. அந்த வருஷம் கல்யாணம் செய்தவர்களை ஊர் “பாவம்” என்றது. “கேவலம்” என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிறார்கள்.

இதை நான் பலநாள் யோசித்தேன். எளிமையான கல்யாணம் வெட்கமில்லை. எல்லோரும் ஆடம்பரமாகச் செய்யும்போது நாம் மட்டும் எளிமையாகச் செய்வதுதான் வெட்கமாகப் படுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஐந்நூறு பேருக்குப் போட்டதால் நான் எழுநூறு பேருக்குப் போட்டேன். நான் எழுநூறு போட்டதால் எதிர்வீட்டு மாமா தொள்ளாயிரம் போட்டார். மூவரில் யாருடைய மரியாதையும் ஒரு பிடி கூடவில்லை. ஊர் எதிர்பார்க்கிறது என்கிறோம். அந்த ஊரில் யாரைத் தனியாக நிறுத்திக் கேட்டாலும், “எனக்கென்னப்பா, மத்தவங்க பேசுவாங்களேன்னுதான்” என்கிறார். நானும் அந்த மற்றவர்களில் ஒருவன்தான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

“காலங்காலமா வர்ற பழக்கம்” என்பவர்கள் மலைக்குப் போய்ப் பார்க்கலாம். கல்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடிகளிடம் (பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு சேர்த்துவிடாதீர்கள், மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள்) மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குப் பரியம் கொடுப்பதே மரபு. பெண் வீட்டார் காரும் சவரனும் கொடுப்பது அங்கே மரபே இல்லை. சமவெளியில் நாம் தொன்று தொட்டது என்று சொல்லும் பழக்கங்களிலும் செண்டை மேளமும் டிரோன் கேமராவும் அண்மையில் வந்து சேர்ந்தவைதான். சட்டத்தைக் கேட்டால், 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7-ஏ பிரிவுப்படி, உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ கல்யாணம் செல்லும். அரசும்கூடத் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் பிற்பாடு தாலிக்குத் தங்கமும் கொடுத்தது. 2022இல் அதைப் புதுமைப்பெண் திட்டமாக்கி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். தாலிக்குப் போன பணம் படிப்புக்குத் திரும்பியது. குடும்பங்கள் மட்டும் இன்னும் பழைய திட்டத்திலேயே இருக்கின்றன.

மலையைச் சொன்னதும் வேறொரு குரல் எழும். சிக்கனத்தை ஆதரிப்பவர்களின் குரல்தான், ஆனால் எனக்கு அதுவும் உடன்பாடில்லை. “மலைக்காரங்களைப் பாரு, இருக்கறத வெச்சு நிம்மதியா வாழறாங்க” என்பார்கள். கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஒருமுறை ஏறி, அருவியில் குளித்து, மாலையில் இறங்கியவர்கள் சொல்வது இது. அந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அங்குள்ளவர்களுக்கு வாக்குரிமையே 1996இல்தான் கிடைத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, கல்வராயன் மலை மக்களுக்குச் சாலை, பள்ளி, மருத்துவம் என்ன செய்தீர்கள் என்று அரசைக் கேட்க வேண்டியிருந்தது. சாலை இல்லாததால் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருபவர் சிக்கனமாக வாழவில்லை. அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. கையில் இருந்தும் செலவழிக்காமல் இருப்பதைத்தான் சிக்கனம் என்று சொல்ல முடியும்.

ஆனாலும் மலை எனக்கு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது. சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் ஒரு காலத்தில் சொல்லக் கூசும் சாப்பாடு. விருந்தாளி வந்தால் நெல்லுச் சோறு போட்டால்தான் கௌரவம். ரேஷன் அரிசி வந்த பிறகு சாமை விதைப்பது சுருங்கியது. ஐநா 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவிக்க, அதே சாமை நகரத்துக் கடையில் பொன்னி அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறது. வசதியானவர் வீட்டு விருந்தில் சாமைப் பொங்கல் வைக்கிறார்கள். கௌரவத்தை நம்பிச் சாமையை விட்டவர் இன்று அதை விலைக்கு வாங்க வேண்டும். நாளைக்கு எது கௌரவம் என்று யாருக்கும் தெரியாது; அதற்காக இன்றைக்குப் பத்திரம் அடகு வைக்கிறோம்.

ஒரு இடத்தில் மட்டும் நான் தயங்குகிறேன். செருப்புப் போட்டு நடக்கவும் மேளம் வைக்கவும் உரிமை மறுக்கப்பட்ட தெருக்காரர் ஒருவர், முதல் தலைமுறையாகச் சம்பாதித்து, மகன் கல்யாணத்துக்கு ஊர் நடுவே ஊர்வலம் விட்டால், அதை வீண் செலவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் 2007இல் எழுதிய கட்டுரையில், ராஜஸ்தானின் உதய்பூர் பகுதியில் பரம ஏழைக் குடும்பங்களும் ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கைத் திருவிழாவுக்கு ஒதுக்குவதைக் காட்டினார்கள். கொண்டாட்டமே இல்லாத வாழ்க்கையை யார் கேட்டார்கள்? நான் பேசுவது என்னைப் போன்ற, நாலு ஏக்கர் கரும்பும் ஒரு மாதச் சம்பளமும் உள்ள ஆட்களிடம்.

கடைசியில் “கஞ்சப் பயல்” என்ற பட்டம். கஞ்சன் தன் வீட்டுக் குழந்தைக்குப் பால் வாங்க யோசிப்பான். செட்டாகக் குடும்பம் நடத்துபவர், இரவு பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருபதாயிரம் கட்டச் சொன்னால் எழுந்து போய் எடுத்து வருவார். எங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். மகள் கல்யாணத்தைக் கோயிலில் முடித்து, ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் போட்டார். அன்று தெருவே முகம் சுளித்தது, நானும்தான். இன்று அவசரம் என்றால் தெரு அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. எழுநூறு பேருக்குப் பந்தி போட்ட என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. வந்தாலும் கொடுக்க ஒன்றுமில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒருவர் தனியாக இறங்கினால் கூச்சமாகத்தான் இருக்கும். அதனால் பங்காளிகள் பத்து வீடு சேர்ந்து பேசுங்கள்: பேனர் வேண்டாம், ஒரு இனிப்பு போதும், மண்டபம் ஒரு வேளைக்கு மட்டும். கொரோனா நம் மேல் திணித்ததில் நல்ல பாதியை நாமே வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாதென்றால், இந்தத் தையில் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன் ஒன்றே ஒன்று செய்யுங்கள். கரும்புப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டதா என்று பாருங்கள்.