பைபர் எங்கள் வாசலில், திறப்பு யார் கையில்?

2006 இல் மூதூரிலும் சம்பூரிலும் சண்டை மூண்டபோது, அக்கரையிலிருந்த எங்கள் உறவினர் உயிரோடு இருக்கிறார்களா என்று அறியத் தொலைபேசி உதவவில்லை. தப்பி வந்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்தே அறிந்தேன். தொடர்பு அறுவது என்றால் என்ன என்பதைத் திருகோணமலை மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இன்று அதே மாவட்டத்தில் பைபர் இணைப்புகள் பரவுகின்றன. வேகம் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கிறோம். அந்த வலையமைப்பை ஆளும் முகாமைத்துவ மென்பொருள் எது, அதன் திறப்பு யாரிடம் என்று கேட்பதில்லை.

பைபர் வலையமைப்பில் தொலைபேசி நிலையத்திலுள்ள தாய் இயந்திரத்திலிருந்து ஓர் இழை புறப்பட்டு, வழியில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குச் செல்கிறது. எந்த வீட்டுக்கு எவ்வளவு வேகம், எங்கே பழுது, யாருடைய இணைப்பை நிறுத்துவது என்பதெல்லாம் அந்த மென்பொருளின் வழியே நடக்கின்றன. கம்பத்தில் ஏறத் தேவையில்லை. கொழும்பிலிருந்து வரும் ஒரு கட்டளை ஒரு வீட்டையோ ஒரு கிராமத்தையோ நிறுத்திவிடும். வீட்டு றவுட்டரைக்கூடத் தூரத்திலிருந்தே மாற்றியமைக்கலாம்.

அந்த வசதியே வாசலாகவும் மாறும். 2016 நவம்பரில் ஜேர்மனியில், தூரத்திலிருந்து றவுட்டர்களை முகாமை செய்வதற்கான வழியைக் குறிவைத்த தாக்குதலில் சுமார் 9 இலட்சம் டொய்ச்ச ரெலிகொம் பாவனையாளர்கள் பாதிக்கப்பட்டனர். இங்கே 2023 இல் இலங்கை அரச மேகக்கணினி தாக்கப்பட்டு, அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் சில மாதங்களுக்குரியவை அழிந்தன. பழைய மென்பொருளைப் புதுப்பிக்காததும் அதற்கு ஒரு காரணம்.

2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் இந்த நாட்டில் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அது வேறு மட்டத்தில் நடந்த முடக்கம். ஆனால் நான் சொல்லும் மென்பொருள் அதைவிட நுணுக்கமானது. ஊரை விட்டு ஒரு வீட்டை மட்டும் தெரிந்தெடுக்கும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கண்காணிப்புக்கு உள்ளாகும் மண்ணில் இது சிறிய விடயமல்ல. 2022 இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வருவதும் பின்போடப்பட்டே வந்தது.

ஸ்ரார்லிங் 2025 யூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. அரசைத் தாண்டிய வழி என்று சிலர் மகிழ்ந்தனர். உண்மையில் திறப்பு இன்னும் தூரத்துக்கு, அமெரிக்க நிறுவனமொன்றின் கைக்குப் போயிருக்கிறது.

ஆகவே விலைமனு கோரப்படும்போதே சில நிபந்தனைகள் வேண்டும். யார், எப்போது, எந்த இணைப்பை நிறுத்தினார் என்ற பதிவு அழிக்க முடியாததாக இருக்க வேண்டும். அதைச் சுயாதீனமாகப் பரிசோதிக்க வழி வேண்டும். ஒரே நிறுவனத்தின் கருவிகளோடு மட்டும் இயங்கும் மென்பொருளை வாங்கி, பத்து வருடங்களுக்குக் கட்டுண்டு கிடக்கக் கூடாது. 2025 நவம்பர் டித்வா புயலில் நாட்டின் பல இடங்களில் தொடர்புகள் அறுந்தன. அப்படியான வேளையில் கொழும்பை எதிர்பாராமல், திருகோணமலையிலுள்ள பணியாளர்களே வலையமைப்பை இயக்கக்கூடிய ஏற்பாடு தேவை. முறைப்பாட்டுக்கான பதில் தமிழிலும் வரவேண்டும்.

இழை ஒருமுறை புதைக்கப்பட்ட பின் இவற்றைக் கேட்பது கடினம். எங்கள் உள்ளூராட்சி உறுப்பினர்களும் சிவில் அமைப்புகளும் இப்போதே கேட்கட்டும்.