நடுக்கடலில் மணி என்ன?

பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கும். பட்டினப்பாக்கம் மணலில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும். வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன், சாப்பாட்டுத் தூக்கு... இவற்றோடு இப்போது இன்னொன்றும் ஏறுகிறது. படகு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ். கருவி, அல்லது அந்த வேலையைச் செய்யும் செல்போன்.

முன்பெல்லாம் கரைதான் வழிகாட்டி. சாந்தோம் தேவாலயக் கோபுரம், மெரினா கலங்கரை விளக்கம் என்று உயரமாகத் தெரிவதை வைத்தே படகு நிற்கும் இடத்தைக் கணித்துவிடுவார்கள். கரை மறைந்துவிட்டால் நட்சத்திரம், காற்று, நீரோட்டம். அந்த அனுபவ அறிவு இன்றும் கைகொடுக்கிறது. ஆனால், மழை இருட்டில் நட்சத்திரமும் தெரியாது, கோபுரமும் தெரியாது. அப்போது கருவிதான் துணை.

அந்தக் கருவி இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அது அளப்பது தூரத்தை அல்ல, நேரத்தை!

மின்னல் வெட்டிய 3 விநாடி கழித்து இடி கேட்டால், மின்னல் விழுந்தது சுமார் 1 கிலோமீட்டர் தூரத்தில் என்று சொல்லிவிடலாம். ஒலி ஒரு விநாடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும் என்பதுதான் கணக்கு. செயற்கைக்கோளும் இப்படித்தான். ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று ஓயாமல் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது எவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது என்று பார்த்து, கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், ரேடியோ அலை ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. கடிகாரம் ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிப்போகும். நம் கைக்கடிகாரம் இதற்கு உதவாது. அதனால்தான் செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள். ரூபிடியம்-87 அணு, விநாடிக்குச் சுமார் 683 கோடி துடிப்பு கொண்ட நுண்ணலைக்கு மட்டுமே இசைந்து கொடுக்கும். எந்த ரூபிடியம்-87 அணுவை எடுத்தாலும் இதே எண்தான். அந்தத் துடிப்பை எண்ணி நேரம் சொல்வதுதான் அணுக் கடிகாரம்.

இதில் ஐன்ஸ்டைனுக்கும் பங்கு உண்டு. வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும். ஈர்ப்பு விசை குறைந்த உயரத்தில் இருக்கும் கடிகாரம் வேகமாக ஓடும் என்றார் அவர். இரண்டையும் கூட்டிக் கழித்தால், ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்துகிறது. இதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் 11 கிலோமீட்டருக்கு மேல் பிசகிவிடும். ஏறக்குறைய பட்டினப்பாக்கத்துக்கும் காசிமேட்டுக்கும் உள்ள தூரம்!

ஜி.பி.எஸ். அமெரிக்காவுடையது. நமக்கென்று இஸ்ரோ உருவாக்கியது ‘நாவிக்’. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதில் இருந்தவை வெளிநாட்டில் வாங்கிய கடிகாரங்கள். 2016-ல் மூன்றுமே பழுதாகின. செயற்கைக்கோள் மேலே இருந்தும், இடம் சொல்ல அதனால் முடியவில்லை. மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது, ராக்கெட்டின் வெப்பக் கவசம் கழலாததால் வீணானது.

கடிகாரத்தை நாமே செய்தால்தான் சரி என்று ஆனது. அகமதாபாத்திலுள்ள இஸ்ரோ மையம் உருவாக்கிய ரூபிடியம் கடிகாரம், 2023 மே 29 அன்று என்.வி.எஸ்-01 செயற்கைக்கோளில் ஏறி விண்ணுக்குப் போனது. அடுத்ததாக 2025 ஜனவரியில் போன என்.வி.எஸ்-02, உரிய சுற்றுப்பாதைக்கு உயர முடியாமல் நின்றுவிட்டது. பாதை இன்னும் மேடு பள்ளம்தான்.

மீனவருக்கு இது ஏன் முக்கியம்? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையை விட்டு வெகுதூரம் போய்விட்டால் செல்போன் சிக்னல் கிடையாது. 2019-ல் ‘ஜெமினி’ கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையும், மீன் கிடைக்கக்கூடிய இடமும் அதில் வரும். ஆனால், படகிலிருந்து பதில் சொல்ல வழியில்லை. இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான டிரான்ஸ்பாண்டர் அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஆபத்து என்றால் படகிலிருந்தும் செய்தி அனுப்பலாம். 1 லட்சம் படகுகளில் இதைப் பொருத்தும் மத்திய அரசுத் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

கவிழ்ந்த படகைத் தேடும்போது, இடம் 100 மீட்டருக்குள் தெரிவதும் 10 கிலோமீட்டருக்குள் தெரிவதும் ஒன்றல்ல. முதலாவதில் தேட வேண்டியது ஒரு தெரு அளவு கடல். இரண்டாவதில் ஒரு நகரம் அளவு கடல்.

படகு வரத் தாமதமானால், “மணி என்ன ஆச்சு, இன்னும் காணோமே?” என்று பட்டினப்பாக்கம் கரையில் நிற்பவர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் அந்த மணியைத் துல்லியமாக வைத்திருக்கத்தான் இத்தனை இயற்பியலும்.