தோல் சீட்டைத் தூக்கிப் போடும் முன்...

பத்து வருடம் ஓடிய கார் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். எஞ்சின் நன்றாக இருக்கிறது, டயர் மாற்றியாகிவிட்டது. வாங்க வந்தவர் கதவைத் திறக்கிறார். டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் வெளுத்து, வெடித்து, சொரசொரவென்று கிடக்கிறது. உடனே முகம் சுருங்கிவிடும். "சீட் போயிடுச்சே சார்" என்பார். விற்பவரும் தலையாட்டுவார். இரண்டு பேர் சொல்வதும் தப்பு. பெரும்பாலான நேரங்களில் சீட் எங்கும் போகவில்லை. போனது அதன் மேலிருந்த பெயின்ட்.

தோலுக்குப் பெயின்ட்டா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். ஆமாம், பெயின்ட்தான். கடந்த சில பத்தாண்டுகளில் வந்த கார்களின் தோல் சீட்டுகளில் பெரும்பாலானவை பூச்சு பூசியவை. பதப்படுத்திய மாட்டுத் தோலின் மேல் நிறமி கலந்த ஒரு பூச்சு, அதற்கும் மேல் நிறமில்லாத ஒரு காப்புப் பூச்சு. இரண்டும் சேர்ந்தாலும் தலைமுடி கனம் இருந்தால் அதிகம். கீழே இருக்கும் தோலோ ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாது. கார் ஓட்டுபவர் நாளைக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும்போது பேண்ட்டும் பெல்ட்டும் உரசுவது அந்த மெல்லிய பூச்சின் மேல்தான். அது தேய்ந்து அடித்தோல் வெளிறித் தெரிவதைப் பார்த்துவிட்டுத்தான் "சீட் போயிடுச்சு" என்ற தீர்ப்பு வருகிறது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் வீட்டை இடிப்பார் உண்டா?

இந்த நிலையில் பலர் செய்யும் முதல் காரியம் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுப்பது. மனிதத் தோலுக்கு நல்லது, அப்படியானால் மாட்டுத் தோலுக்கும் நல்லதுதானே என்ற கணக்கு. பூச்சு நன்றாக இருக்கும் இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்காது. மேலேயே நின்று தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூச்சு வெடித்த இடத்தில் இறங்கும். இறங்கி அந்த இடத்தைக் கறுக்க வைக்கும், நாள்பட்டால் சிக்கு வாடையும் அடிக்கும். கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிப் போகிறவர் அந்தச் சீட்டில் உட்கார்ந்து எழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷூ பாலிஷும் இதே கதைதான். டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷ் இன்னும் மோசம். சீட் வழுக்கும், பிற்பாடு ஒழுங்காகப் பெயின்ட் அடிக்க வந்தால் பெயின்ட் ஒட்டாது. பளபளப்புதான் ஆரோக்கியம் என்ற நினைப்பே இத்தனைக்கும் மூலம். புதுக் காரின் தோல் சீட் பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். பழைய டிரைவர் சீட் மினுமினுத்தால் அது வியர்வையும் அழுக்கும் சேர்ந்து இறுகியது. (தோல் ஆராய்ச்சிக்கென்றே 1948-ல் மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர் சென்னை. அடையாறில் இன்றும் இருக்கிறது. அந்த ஊரிலும் தேங்காய் எண்ணெய் வைத்தியம்!)

எண்ணெய் பலிக்காவிட்டால் அடுத்தது சீட் கவர் கடை. சென்னை ஜி.பி. ரோடு மாதிரி இடங்களில் காரை விட்டுவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் புது 'லெதர்' போட்டு வைத்திருப்பார்கள். அந்தத் தையல்காரர்களின் வேகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலிவு விலைக்குக் கிடைப்பது தோல் அல்ல, துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய ரெக்ஸின் வகை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். உண்மைத் தோலின் பின்பக்கம் நார் நாராக இருக்கும்; ரெக்ஸினின் பின்பக்கம் துணி. மலிவு ரகங்கள் வெயிலிலும் ஈரக் காற்றிலும் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். உரிந்தால் வைத்தியம் கிடையாது, குப்பைதான். துணி சீட்டோடு வந்த காருக்கு ரெக்ஸின் போடுவதில் ஒரு குற்றமும் இல்லை. அசல் தோலைக் கிழித்தெடுத்துவிட்டு ரெக்ஸினைப் போட்டு "லெதர் மாத்தியாச்சு" என்பதுதான் தேக்குக் கதவைக் கழற்றிவிட்டு பிளைவுட் கதவு மாட்டிய கதை. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள கார்களில் இதில் ஆபத்தும் இருக்கிறது. விபத்தின்போது அந்த இடத்துத் தையல் பிரிந்துதான் பை வெளியே வர வேண்டும். அதை மறித்து இறுக்கமான கவர் போட்டால்?

சரி, ஒரு பழைய தோலுக்கு ஏன் இத்தனை பரிவு என்று கேட்கலாம். வெளிநாட்டுக் கார் ஒன்றின் சீட் எந்தத் தேசத்தில் பதமானது என்று அதன் சொந்தக்காரருக்கே தெரிந்திருக்காது. ஆனால் தோல் பதமாவதற்கு என்ன விலை என்று வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் கேட்டால் சொல்வார்கள். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலேயே கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ தோல் தயாராகச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய அதே அளவு கழிவுநீர். தோல் தொழிற்சாலைப் பகுதியில் சாகுபடிக்கு லாயக்கற்றுப் போன நிலம், பாதியோ முழுதோ, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர். பாலாற்றங்கரைக் கிணறுகள் கொடுத்த விலை அது. எந்த ஊர்த் தோலானாலும் யாரோ ஒருவரின் தண்ணீரைக் குடித்துத்தான் சீட்டாக வந்திருக்கிறது. அப்படி வந்த பொருளை, மேல்பூச்சு தேய்ந்த ஒரே காரணத்துக்காகப் பத்து வருடத்தில் குப்பையில் போடுவது அநியாயம். 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் சில அசல் தோலோடு இன்றும் ஓடுகின்றன.

தோல் சீட்டைக் கௌரவமாக நினைக்கும் இதே சமூகம்தான் தோல் வேலை செய்தவர்களைத் தலைமுறை தலைமுறையாக ஊருக்கு வெளியே நிறுத்தியது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பொருளுக்கு மரியாதை, கைக்கு இல்லை. ரிப்பேர் கூலியைக் கேட்டதும் "வெறும் சாயம் பூசறதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுவது அதன் மிச்சம்தான்.

அது வெறும் சாயம் பூசுவது அல்ல. வேலையில் பாதிக்கு மேல் சுத்தம் செய்வதிலேயே போகும். தோல் இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது. துணி சோப்பு காரம், அதனால் ஆகாது. தோலுக்கென்று விற்கும் கிளீனரை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பழைய எண்ணெய், பாலிஷ் எல்லாம் போக ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. பிறகு 600-ம் நம்பருக்குக் குறையாத உப்புத்தாளால் வெடித்த ஓரங்களை லேசாக இழைப்பது. வெடிப்புகளில் வளைந்து கொடுக்கும் ஃபில்லரை மெல்லிசாக, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு நிரப்புவது. பொத்தலாகவே கிழிந்திருந்தால் உள்ளே ஒரு துணித் துண்டைச் செருகி ஒட்டிய பிறகுதான் ஃபில்லர். அதற்கப்புறம் நிறம். இதில்தான் கைத்திறமை தெரியும். கறுப்பு சீட் என்றால் சுலபம். பழுப்பும் சந்தனமும் பத்து வருட வெயிலில் மாறிப்போயிருக்கும், டப்பாவில் வரும் நிறம் ஒத்துப் போகாது. கலந்து கலந்து, சீட்டுக்கு அடியில் மறைவான இடத்தில் பூசிக் காயவிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே தடவையில் கெட்டியாக அப்பினால் திரும்பவும் வெடிக்கும். ஸ்பாஞ்சால் நாலைந்து மெல்லிய பூச்சு, கடைசியில் மங்கலான காப்புப் பூச்சு.

எல்லா சீட்டையும் காப்பாற்ற முடியாது என்பதும் உண்மை. வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கும் தோலுக்குப் பெயின்ட் அடித்துப் பயனில்லை. அதிலும் கெட்டுப்போன ஒரு துண்டை மட்டும் மாற்றித் தைக்கலாம், முழு சீட்டையும் உரிக்க வேண்டியதில்லை. சீட் குழிந்திருந்தால் பழி தோலின் மேல் இல்லை, உள்ளே ஸ்பாஞ்ச் அமுங்கியிருக்கும்.

சரி செய்த சீட்டைப் பராமரிக்கப் பெரிய செலவு கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஈரத் துணியால் துடைப்பது, வெயிலில் நிறுத்தினால் முன் கண்ணாடிக்கு மறைப்பு வைப்பது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கண்டிஷனர் போட்டால் போடலாம். பூச்சு பூசிய தோலில் அது கடைக்காரர் சொல்லும் அளவுக்கு ஒன்றும் செய்யாது. மழைக்காலத்தில் வாரக் கணக்கில் மூடியே நிற்கும் காரில் பூஞ்சை பிடிக்கும், அவ்வப்போது கதவைத் திறந்து காற்றாட விட வேண்டும். சாயம் போகும் புது ஜீன்ஸோடு வெளிர்நிற சீட்டில் உட்காராமல் இருப்பது நல்லது. ஏறும்போது ஓரத்தில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு உள்ளே போகாமல், உடம்பைத் தூக்கி உள்ளே வைத்து உட்கார வேண்டும். பின்பாக்கெட்டில் சாவிக்கொத்து வைத்திருப்பவர்கள் அதை முதலில் வெளியே எடுத்துவிடலாம்.