ஈரப்பதனூட்டியும் இல்லத்தார் கடனும்

சித்திரை வெயிலில் விசிறியின் கீழிருந்து வியர்வை துடைக்கும் யாழ்ப்பாணத்தார்க்கு, வீட்டினுள் ஈரத்தை உண்டாக்கவென ஒரு பொறியை விலைகொடுத்து வாங்குவோரும் உளர் என்பது நகைப்பையே தரும். ஆயினும் எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று கனடாவிலும் நோர்வேயிலும் பிற குளிர்நாடுகளிலும் குடும்பத்துடன் வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோரும் சிற்சில திங்கள் ஆங்குச் சென்று பேரப்பிள்ளைகளுடன் தங்குகின்றனர். பனிக்காலத்தில் அம்முதியோரின் கட்டிலருகே இரா முழுதும் இயங்குவது அப்பொறியே. ஆகலின் அதுபற்றி இம்மலரிற் சில கூறுதல் பொருந்தாததன்று. தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என விஞ்ஞான ஆசிரியர்கள் முகஞ்சுளியாதிருப்பாராக.

குளிர்ந்த காற்று நீராவியை மிகச் சிறிதே ஏற்கும். 20 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைக் கொள்ளும். பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையிலோ 2.4 கிராம் அளவே கொள்ளும். வெளியிலிருந்து புகுந்த அக்காற்றை வீட்டின் வெப்பமூட்டி சூடாக்கும்போது வெப்பம் ஏறுகின்றதேயன்றி நீர் கூடுவதில்லை. வெளியே நிறைகுடமாயிருந்த காற்று உள்ளே எட்டிலொரு பங்கு நிறைந்த குடமாகிவிடுகின்றது. சாரீரப்பதன் 12 அல்லது 13 வீதம் என்று நூலார் கூறுவது இதனையே. சமையலும் குளிப்பும் மாந்தர் மூச்சும் ஓரளவு ஈரத்தைச் சேர்ப்பினும் அது போதாது. உதடு வெடிக்கும், தொண்டை வறளும், குழந்தைகளின் மூக்கில் இரத்தம் கசியும், ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுசென்ற வீணையும் வெடிப்புக் காணும். வீட்டினுள் 30 முதல் 50 வீதம் வரை ஈரப்பதன் இருத்தல் நன்று என்பர். எனவே அப்பொறி வேண்டற்பாலதே. அதனை ஆடம்பரம் என்று இங்கிருந்து பழிப்பார் கூற்றோடு யாம் உடன்படோம்.

எமக்குள்ள ஐயம் அதன் அடைமொழி பற்றியது. இணையத்தோடு தொடுக்கப்பட்டு, கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பி, ஏவியவாறு இயங்கும் பொறியை 'ஸ்மார்ட்' என்கின்றனர். தமிழில் 'திறன்' என்றும் 'அறிவார்ந்த' என்றும் பெயர்க்கின்றனர். சொல்லின் பொருளை நாடோறும் வகுப்பில் நிறுத்தும் எமக்கு இது மிகைச்சொல்லாகவே தோன்றுகின்றது. அப்பொறி உணர்கின்றது, உணர்ந்ததைச் சொல்கின்றது, குறித்த அளவில் நிற்கின்றது; அவ்வளவே. கழுவத் தெரியாத ஒன்றை அறிவுடையதென எவ்வாறு அழைப்பது?

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், ஆசிரியர் அறையிலிருந்தவாறே ரொறன்ரோவிலுள்ள தமது வீட்டின் ஈரப்பதனைக் கைத்தொலைபேசியில் எமக்குக் காட்டினார். 41 வீதம் என எண் ஒளிர்ந்தது. "அம்மாவின் அறை, சேர், இங்கிருந்தே கூட்டிக் குறைக்கலாம்" என்றார். வியந்தோம். பின்னர், "தொட்டியைக் கடைசியாகக் கழுவியது யார், தம்பி?" என வினவினோம். அவர் சிறிது சிந்தித்து, "மனைவி கழுவியிருப்பா" என்றார். தொலைபேசியில் அழைத்துக் கேட்டபோது, அவர் கழுவியிருப்பார் என்றே அம்மையாரும் எண்ணியிருந்தமை தெரியவந்தது. தாயார்க்கோ அப்பொறியைத் தொடுவதற்கே அச்சம்.

இவர் அன்பிற் குறைந்த மகனல்லர். அந்த எண்தான் அவரைக் கவலையின்றி இருக்கச் செய்தது. 41 என்பது காற்றில் எவ்வளவு நீருண்டு என்று சொல்லுமேயன்றி, அது எத்தகைய நீர் என்று சொல்லாது. கழுவும் நாளை நினைவூட்டும் அறிவிப்பும் பெரும்பாலான பொறிகளில் ஓடிய மணித்தியாலங்களை எண்ணி எழுவதே. தொட்டியின் அடியிற் படிந்த வழுவழுப்பைக் கண்டு எழுவதன்று. விரலால் ஒருமுறை அறிவிப்பை ஒதுக்கிவிட்டாற் கழுவியதாகவே கணக்கு.

இன்று பெரிதும் விற்பனையாவன, செவிக்கெட்டாத அதிர்வால் நீரை நுண்துளியாகச் சிதறடிக்கும் பொறிகள். இவை நீரைக் கொதிக்கவைப்பதில்லை. ஆதலால் நீரில் உள்ளது யாதோ அது துளியோடு காற்றில் ஏறும். கிணற்று நீர் காய்ச்சிய கேத்தலின் அடியிற் சுண்ணாம்பு படிவதை அறியாத யாழ்ப்பாணத்தார் இலர். அத்தகைய கனியுப்பு அங்குள்ள குழாய்நீரிலும் உண்டு. அது வெண்பொடியாய்த் தளபாடங்களிற் படிவதோடு மூச்சுடனும் உட்செல்லும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றுக என்பது இதனாலேயே. மேலும், தேங்கிய நீரிற் பெருகும் நுண்ணங்கிகளும் பூஞ்சணமும் அவ்வழியே சுவாசப்பையை அடையும். அழுக்குற்ற பொறியால் வரும் காய்ச்சலுக்கு மருத்துவர் தனிப்பெயரே இட்டுள்ளனர்.

கழுவும் தொல்லைக்கு அஞ்சி நீரில் மருந்து கலக்கலாமே என எவரும் எண்ணற்க. தென்கொரியாவில் 1994ஆம் ஆண்டு முதல் ஈரப்பதனூட்டியின் நீரிற் கலக்கும் கிருமிநாசினிகள் விற்கப்பட்டன. 2011இலேயே அவை சுவாசப்பையை அழிப்பவை என்று கண்டறிந்து கடைகளிலிருந்து அகற்றினர். அதற்கிடையிற் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தூய்மையை நாடி வாங்கிய பொருளே அவர்க்கு நஞ்சாயிற்று.

செய்யவேண்டியவை அரியனவல்ல. நாடோறும் பழைய நீரைக் கொட்டித் துடைத்துப் புதுநீர் ஊற்றுக. மூன்று நாளுக்கொருமுறை தொட்டியையும் அடித்தட்டையும் தேய்த்துக் கழுவுக. சுண்ணாம்புப் படிவு வினாகிரியில் ஊறினால் இளகும். பின்னர் நன்கு அலசுக. வினாகிரியுடன் வெளிற்றும் திரவத்தை ஒருபோதும் சேர்த்தலாகாது, நச்சுவாயு எழும். வேலையினும் முதன்மையானது, அது எவர் வேலை என்பதே. வீட்டில் எல்லோர் கைத்தொலைபேசிக்கும் செல்லும் செய்தி ஒருவருக்கும் செல்லாத செய்தியாகின்றது. பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதனை நன்கு செய்யும். வகுப்பறையைக் கூட்டி வளர்ந்த தந்தையர் தம் பிள்ளைகளை இதற்குப் பழக்கக் கூச வேண்டியதில்லை.

இணைப்பால் நன்மை இல்லையென்பதன்று. ஈரம் மிகின் சாளரக் கண்ணாடி வியர்க்கும்; சுவரிற் பூஞ்சணம் பற்றும். வெளிக்குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக்கு இறங்கும் இரவில் உள்ளே 30 வீதத்தைத் தாண்டாதிருத்தல் நன்று. வெளிவெப்பநிலையை அறிந்து பொறி தானே அளவைக் குறைத்துக்கொள்ளுமாயின், அவ்வளவில் அது மனிதரினும் விழிப்புடையதே. ஆயினும் கையால் திருகி இயக்கவியலாத பொறியை வாங்கற்க. 2016இல் 'ரிவோல்வ்' என்னும் வீட்டு இணைப்புக் கருவி அதனை நடத்திய நிறுவனத்தாலேயே செயலற்றதாக்கப்பட்டது. 2022இல் 'இன்ஸ்டியோன்' நிறுவனத்தின் தொலைக்கணினிகள் முன்னறிவிப்பின்றி நின்றன. பணங்கொடுத்தோர் வீட்டிற் பொறி இருந்தது. அதனை ஏவும் குரல் வேறெங்கோ அடங்கிவிட்டது. பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை மாற்றாதுவிடுதல் படலையைத் திறந்துவைத்து உறங்குதல் போலாம் என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

பொறி காட்டும் எண்தானும் மெய்யோ என அறிய ஒரு வழியுண்டு; எமது மாணவரும் இங்கேயே செய்து பார்க்கலாம். பொறியின் உள்ளிருக்கும் உணரி தன் புகாரையே நுகர்ந்து மிகைபடக் கூறும். ஆதலாற் கட்டிலருகே வேறொரு சிறு ஈரமானியை வைத்தல் நலம். சமையலுப்பைச் சில துளி நீரிற் குழைத்து, கரையாத உப்பு மிஞ்சியிருக்கும் அக்குழையலை ஒரு மூடியில் இட்டு, ஈரமானியோடு கண்ணாடிப் போத்தலில் அடைத்து ஓரிரவு விடுக. காலையில் அது 75 வீதம் காட்டவேண்டும். 70 காட்டின், அம்மானி 5 குறைத்துச் சொல்கின்றது என அதன் முதுகில் எழுதி ஒட்டுக.