கள்ளி மேல் போட்ட பழி

ஆண்டுதோறும் ஆனி மாத வாக்கில், புனே நகரின் கிழக்கு ஓரத்தில் உள்ள ஹடப்சரில் இரண்டு பல்லக்குகள் பிரிகின்றன. ஆளந்தியிலிருந்து வரும் ஞானேஸ்வரர் பல்லக்கும் தேஹுவிலிருந்து வரும் துக்காராம் பல்லக்கும் புனேயில் தங்கிவிட்டு இதுவரை ஒன்றாக வருகின்றன. இங்கிருந்து முன்னது திவே கணவாய் ஏறி சாஸ்வடுக்குப் போகிறது. பின்னது சோலாப்பூர் சாலையில் லோணி காள்போரை நோக்கிப் போகிறது. இரண்டும் போய்ச் சேருமிடம் பண்டரிபுரம்.

துக்காராம் பல்லக்கு புனேயில் தங்கும் கோயிலின் பெயர் விசித்திரமானது: நிவ்டுங்க்யா விட்டோபா. நானா பேட்டையில் இருக்கிறது. நிவ்டுங் என்றால் மராத்தியில் கள்ளி. சாமி சிலை ஒரு கள்ளிப் புதரில் கிடைத்ததாம். அதனால் இவர் கள்ளி விட்டோபா. முள்செடியின் பெயரைச் சுமப்பதில் சாமிக்கும் வருத்தமில்லை, பக்தர்களுக்கும் கூச்சமில்லை.

தமிழனுக்கு இது சற்று ஆச்சரியமாக இருக்கலாம். தமிழில் கள்ளிக்கு நல்ல பெயர் இல்லை. சங்கப் பாடல்களில் அது பாலை நிலத்துச் செடி. சுடுகாட்டின் அடையாளமும் அதுதான். பிற்காலத்தில் 'திருடி' என்ற பொருள் கொண்ட இன்னொரு கள்ளியும் உச்சரிப்பில் வந்து ஒட்டிக்கொண்டாள். காதலியைச் செல்லமாக அழைக்க சினிமாப் பாட்டுக்கு உதவுகிறாள் என்பதைத் தவிர, செடிக்கு இதில் லாபமில்லை.

ஆனால் தமிழிலும் கள்ளிக்குள் சாமி உண்டு. திருவள்ளூர் மாவட்டம் திருக்கண்டலத்தின் பழைய பெயர் திருக்கள்ளில். சம்பந்தர் பாடிய தலம். தல மரம், கள்ளி. விட்டோபாவுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவர் இந்தச் சிவன். இன்று இந்தத் தலத்தைத் தேவாரம் படித்தவர்களுக்கு வெளியே எத்தனை பேர் அறிவார்கள்? கள்ளி என்றதும் பலருக்கு நினைவு வருவது வேறு ஒரு சொல்: கள்ளிப்பால்.

அந்தச் சொல்லை நாடறியச் செய்தது உசிலம்பட்டி. 1986இல் அங்கு நடந்த பெண் சிசுக் கொலைகள் பற்றிய பத்திரிகைச் செய்தி நாட்டையே உலுக்கியது. 1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. சிசுவைக் கொல்லக் கையாளப்பட்ட வழிகள் பல. ஆனால் மேடைப் பேச்சிலும் கதையிலும் நிலைத்தது கள்ளிப்பால் ஒன்றுதான். ஊற்றிய கையும் ஊற்றச் சொன்ன வாயும் மறைந்துபோய் செடியின் பெயர் மட்டும் மிஞ்சியது.

இதில் ஒரு அடையாளக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. கள்ளி என்பது ஒரே செடி அல்ல. பால் வடிக்கும் சதுரக்கள்ளி போன்றவை இந்த மண்ணின் செடிகள். ஊர் ஓரங்களில் தட்டைத் தட்டையாக, முள்ளும் சிவப்புப் பழமுமாக நிற்கும் சப்பாத்திக்கள்ளி அமெரிக்காவிலிருந்து வந்தது, வேறு குடும்பம். அதைக் கீறினால் பால் வராது. ஆனாலும் மராத்தியர் இரண்டையும் நிவ்டுங் என்றார்கள், தமிழர் இரண்டையும் கள்ளி என்றார்கள். பெயரோடு பழியும் பங்காயிற்று.

வந்தேறிச் செடிக்குத் தனிக் கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சிவப்புச் சாயம் தரும் பூச்சி தேவைப்பட்டது. அந்தப் பூச்சி சப்பாத்திக்கள்ளியில்தான் வளரும். கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் அதற்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். சாய வியாபாரம் படுத்துவிட்டது. சப்பாத்திக்கள்ளிகள் தென்னாட்டு வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் ஆக்கிரமித்தன. 1926இல் இலங்கையிலிருந்து அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. கொண்டுவந்ததும் மனிதன், 'களை' என்று பெயர் வைத்ததும் அவனே.

செடியைப் பழிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. செடி இல்லாத ஊரில் குற்றமும் இல்லை என்று நம்பிக்கொள்ளலாம். மகாராஷ்டிரம் அந்த நம்பிக்கையைக் கலைக்கிறது. கள்ளிக்குள் கடவுளைக் கண்ட இந்த மாநிலத்தில் கள்ளிப்பால் என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை. ஆனால் கருவில் இருப்பது பெண்ணா என்று பார்ப்பதற்கு எதிராக இந்தியாவிலேயே முதலில், 1988இல், சட்டம் போட வேண்டியிருந்தது இங்குதான். நாடு முழுவதற்குமான சட்டம் 1994இல் வந்தது. சட்டம் வந்த பின்னும் கணக்கு தேறவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 943 பெண் குழந்தைகள், மகாராஷ்டிரத்தில் 894. ஸ்கேன் கருவிக்கு முள்ளும் கிடையாது, பாலும் கிடையாது.

தப்பிப் பிறந்தவர்களுக்கும் பெயர் காத்திருந்தது. புனேக்குத் தெற்கே உள்ள சாத்தாரா மாவட்டத்தில் 'நகுஷா' என்று பெண்களுக்குப் பெயர் வைப்பது வழக்கம். வேண்டாதவள் என்று பொருள். அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்ற வேண்டுதல். தமிழகத்தின் 'போதும்பொண்ணு'வுக்கு அக்கா முறை. 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் ஒரு விழா நடத்தி 280க்கும் மேற்பட்ட நகுஷாக்களுக்குப் புதுப் பெயர் சூட்டியது. பலர் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

பெயரை மாற்றிக்கொள்ள அந்தப் பெண்களுக்கு ஒரு நாள் கிடைத்தது. கள்ளிக்கு அது கிடைக்கப் போவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. நானா பேட்டையில் அது சாமியின் பெயராக இருக்கிறது. தமிழில் அது கொலையின் பெயராக இருப்பதற்குச் செடி பொறுப்பல்ல.